குஸ்தி மண்ணும் தண்ணீர்க் குடமும்

கோலாப்பூரின் காஸ்பாக் மைதானம் கிண்ணம் மாதிரித் தரைக்குக் கீழே இறங்குகிறது. சாகு மகராஜ் 1912இல் கட்டியது. எந்தப் படியில் உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பவன் தலை களத்தை மறைப்பதில்லை. போன வருசம் ஓர் எழுத்தாளர் கூட்டத்துக்குப் போன இடத்தில் மராட்டியத் தோழர் ஒருவர் குஸ்தி பார்க்க என்னை அங்கே கூட்டிப்போனார். போடியில் எங்க சனங்களுக்குப் பரதேசம் என்றால் மெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஏலத்தோட்டம்தான். விடியக்காலை ஜீப்பில் அடைந்துகொண்டு போய் இருட்டும்போது திரும்புகிற பரதேசம். அதைத் தாண்டி நான் போவது இப்படி எப்போதாவதுதான்.

குஸ்தி மண்ணை அவர்கள் சும்மா கொத்திப்போட்டு விடுவதில்லை. மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்து பக்குவம் பண்ணுகிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பிடி மண்ணை அள்ளி இவன் அவன்மேல் பூசுகிறான், அவன் இவன்மேல் பூசுகிறான். வியர்வையில் பிடி வழுக்கக்கூடாதில்லையா. பிறகு கழுத்தும் கழுத்தும் பின்னிக்கொள்கின்றன. ஒருத்தன் தொடை இன்னொருத்தன் தோளில், ஒருத்தன் எச்சில் இன்னொருத்தன் முகத்தில். மல்லாக்கப் போட்டு முதுகு மண்ணில் பட்டால் தீர்ந்தது.

"இந்த மண்ணுல சாதி கிடையாது பாய்" என்றார் தோழர், இந்தியில்.

"மண்ணைவிட்டு வெளியே வந்தா?"

"வெளியே வந்தா ஊர் இருக்கே" என்றார்.

ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டால் தீண்டாமை போய்விடுமா? விளையாட்டு சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் முற்போக்குத் தோழர்களிலும் நிறையப்பேர் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எங்க பக்கம் குஸ்தி இல்லை, கபடி. அறுப்பு முடிந்த வயலில் கோடு கிழித்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், கபடியில் தொடப்பட்டவன் வெளியே போகணும். இதை ஆட்ட விதி என்பதா, ஊர் விதி என்பதா? நான் கல்லூரியில் படித்த காலத்தில் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஆடப்போவோம். மேலத்தெருப் பையன்கள் என் காலைக் கட்டிக்கொண்டு புழுதியில் புரளுவார்கள். இடைவேளையில் மட்டும் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். ஒருத்தன் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவான், நாங்கள் கையைக் குவித்துக் குடிக்கணும். அஞ்சு நிமிசத்துக்கு முன்னால் என் கணுக்காலை நெஞ்சோடு அணைத்துக் கிடந்தவன்தான் அந்தச் சொம்புக்காரன்.

தொடுவதை அவர்கள் எந்தக் காலத்திலும் நிறுத்தினதில்லை. எங்கம்மா குனிந்து குனிந்து எடுத்த ஏலக்காய், ஸ்டோரில் காய்ந்து விலைபோய், எந்த வீட்டுப் பாயசத்திலும் எந்தக் கோயில் பிரசாதத்திலும் விழும். தீட்டில்லை. கட்டிவைத்து அடிக்கும்போது தீட்டில்லை. எங்கள் பெண்கள்மேல் கைவைக்கும்போது தீட்டில்லை. எதற்குத் தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரத்துக்குத்தான் தீண்டாமை என்று பேர்.

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்றின் 82ஆம் பாட்டை நடத்தினார்கள். சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியது. அந்தச் சண்டை எவ்வளவு வேகம்? ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிற இழிசினன் கையிலுள்ள ஊசியைவிட வேகம். உவமை நயத்தை வகுப்பே வியந்தது. அந்தக் கையைப்பற்றி ஒரு பேச்சில்லை. வலியெடுத்துக் கிடப்பவள் பக்கத்தில் இருக்க முடியாமல் யாருடைய கட்டிலையோ முடித்துக்கொடுக்க அவசரப்படுகிற கை அது. அரசன் வீரத்தை அளக்க அவன் கைவேகம் வேண்டியிருக்கிறது. களத்தில் அவனுக்கு இடம் இல்லை, பாட்டில் பேரும் இல்லை.

களத்துக்குள் இடம் கிடைத்தவர்களும் உண்டு. சமார் சாதியில் பிறந்த பல்வாங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுக்குமேல் எடுத்தவர். பூனாவில் இந்துக்கள் அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது. தேநீர் மட்டும் கூடத்துக்கு வெளியே, மண்குவளையில். அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். கோப்பைதான் தீட்டுப்பட்டது. இந்துக்கள் அணி அவரைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலைத்தான் ஆக்கினார்கள். (இதே பாலு 1937 தேர்தலில் காங்கிரசுக்காக நின்று அம்பேத்கரிடம் தோற்றது வேறு கதை.)

சாகு மகராஜ் குஸ்திப் பித்தர். ஆனால் மண் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1902இலேயே அரசுப் பணியில் காலியாகும் இடங்களில் 50 சதவீதத்தைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கினார். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிபட்ட மகார் ஊழியர் கங்காராம் காம்ப்ளே டீக்கடை வைக்க உதவினார். தானே அந்தக் கடைக்குப் போய் டீயும் குடித்தார். அந்த மைதானத்தைவிட எனக்கு அந்த டீக்கடைதான் பெரிசாகத் தெரிகிறது.

ஆட்டத்தில் இன்னொரு விசயம், செயிப்பது. என்னைத் தோற்கடித்தவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். நான் அவனைத் தோற்கடித்தால்? "ஆடுங்கடா, ஆனா செயிச்சுட்டு ராத்திரி அந்தப் பாதையில வராதீங்க" என்பார் எங்க சின்னையா. 1989 போடிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன ஒரு தலித் மாணவனை இழுத்து இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் செயித்ததுதான் காரணம் என்றது குடும்பம். போலீஸ் வேறு காரணம் சொன்னது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்க தெருப் பையன்கள் ஒரு கபடிப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். போகாதீங்க என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, போங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த சின்னையாதான் கேட்டார்: "ஏப்பா, திரும்பி வாறதுக்கு வண்டி சொல்லியாச்சா?"