கிடைக்காதா? செய்!

‘இந்தக் கேபிள் எல்லாம் இப்ப வர்றதே இல்லைங்க’ என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். விரிக்கட்டும். அவரிடம் சரக்கு இல்லை, உள்ளதைச் சொன்னார். அதைக் கேட்டு நீ ஏன் உன் கையையும் விரிக்கிறாய்? கடையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று எந்த ஊர்ச் சட்டம்? அந்தக் கேபிள் வானத்திலிருந்து விழவில்லை. எவரோ ஒரு தொழிலாளி ஒயரை அளந்து வெட்டி, கனெக்டரைப் பொருத்திச் செய்தது. அவருக்கும் பத்து விரல்தான்.

பழைய வீடியோ கேம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர்களைக் கேட்டுப் பார். ‘கிடைக்காது’ என்ற சொல்லோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். ரோபோட்ரான் 2084 என்று ஓர் ஆட்டம். 1982-இல் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. காசு போட்டு நின்றபடி ஆடும் ஆளுயரப் பெட்டி. அதை உருவாக்கியவர்கள் யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும். அதற்குச் சற்று முன்புதான் ஜார்விஸுக்குக் கார் விபத்தில் வலக்கை முறிந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு வேலைக்குத் திரும்பியவர், அந்தக் கையாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க முடிவதைப் பார்த்தார். அப்படியானால் இன்னொரு ஜாய்ஸ்டிக் வைத்தால் என்ன என்று யோசித்தார். இடது கையால் நகர், வலது கையால் சுடு. சுடுவதற்குப் பொத்தானே கிடையாது! கை முறிந்துவிட்டதே என்று மூலையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆட்டம் வந்திருக்குமா?

இன்று அந்தப் பெட்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கக் கோடும் குப்பையுமாக வருகிறது. உடனே நம்மவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: ‘போர்டு போச்சு.’ போர்டைக் குறை சொல்லுமுன் போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே இருப்பதைப் பார்த்தாயா? மூளையாகிய சிபியு போர்டையும் ஆட்டம் பதிந்திருக்கும் ரோம் போர்டையும் இணைப்பது 40 கம்பிகள் கொண்ட ஒரு தட்டையான ரிப்பன் கேபிள். ஒரு கம்பியில் தொடர்பு விட்டாலும் தகவல் தாறுமாறாகப் போய்ச் சேரும். சிப் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி நொந்துபோனவர்கள் எத்தனையோ பேர். குற்றவாளி இந்த இரண்டு அங்குல அகலப் பட்டைதான்.

அதைச் செய்வது பிரம்ம வித்தை இல்லை. கம்பிக்குக் கம்பி 1.27 மில்லிமீட்டர் இடைவெளி. உலகப் பொது அளவு. சென்னை ரிச்சி தெருவில் 40 பின் கனெக்டரும் ரிப்பன் கேபிளும் கேட்டுப் பார், எடுத்துத் தருவார்கள். கனெக்டருக்குள் ஒவ்வொரு பின்னுக்கும் கவட்டை போன்ற ஒரு சின்னக் கத்தி இருக்கும். கேபிளை நேராக வைத்து, பட்டறை வைஸில் இருபுறமும் சமமாக அழுத்தினால் அந்தக் கத்தி பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். தோல் உரிக்க வேண்டாம், சால்டரிங் வேண்டாம். சிவப்புக் கோடு போட்ட ஓரம்தான் ஒன்றாம் பின். அதைத் திருப்பிப் போட்டால் மட்டும் வம்பு. சுத்தியலால் தட்டாதே. கோணலாக இறங்கி, பக்கத்துக் கம்பியையும் சேர்த்துக் கடித்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் கேபிளையே மாட்டலாமே என்று குறுக்குவழிக்காரன் ஒருவன் கேட்பான். மாட்டலாம், கண்ணைத் திறந்துகொண்டு மாட்டினால். சிலவற்றில் 20-ஆம் துளையை வேண்டுமென்றே அடைத்திருப்பார்கள். போர்டில் அந்த இடத்தில் பின் இருந்தால் உள்ளே போகாது. 80 கம்பி உள்ளதைத் தொடவே தொடாதே. அதில் தரை இணைப்புகளை எல்லாம் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். குறுக்குவழியில் போகவும் படித்திருக்க வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளையிலிருந்து வரும் ஒயர்கள். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். கனெக்டரின் ஒரு பின் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் 0.1 ஓம் தடை என்று வை. 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே தொலைந்தது. இரண்டரை வாட் சூடு அந்த ஊசிமுனைப் பின்னிலேயே. புறப்பட்டது 5 வோல்ட், சேர்ந்தது 4.5. அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே போனால் புத்தி பேதலிக்கும். ரேம் சிப்புகள் இன்னும் மோசம்: அவற்றுக்கு +12, +5, –5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். –5 வரும் ஒயர் விட்டுப்போய் +12 மட்டும் வந்துகொண்டிருந்தால் சிப் வெந்தே போகும். ஆகவே கறுத்த பின்னைச் சுரண்டித் துடைத்து ஒப்பேற்றாதே. ஒயர் பக்கத்துப் பின்னையும் போர்டு பக்கத்துப் பின்னையும் சேர்த்தே மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரித்துவிடும். மின்சாரம் வரும் ஒயருக்கு 18 கேஜ், பொத்தான்களுக்கு 22 போதும். எண் கூடினால் ஒயர் மெலியும் என்பதை மறந்துவிடாதே.

எந்த நிற ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று தெரியாதா? தயாரித்தவர்கள் சர்க்யூட் படத்தில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். 1985-இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஜாமா என்ற 56 பின் பொது இணைப்பை வகுத்தது. அதற்கு முந்திய பெட்டிகளில் ஆளுக்கொரு முறை, பெட்டிக்கொரு கேபிள். அதனால் என்ன? படிக்க வேண்டிய தாள் நான்கு கூடும், அவ்வளவுதானே! நாலு தாளுக்குப் பயந்தவன் நாற்பது கம்பியை எப்படிக் கட்டி ஆள்வான்?

காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று நூறு தடவை சொல்லச் சொல்கிற பயிற்சி வகுப்புகள் மீது எனக்கு மரியாதை இல்லை. கண்ணாடி எதற்கும் தலையாட்டும். மல்டிமீட்டர் ஆட்டாது. ஒரு முனையை இங்கே வை, மறுமுனையை அங்கே வை. தொடர்பு இருந்தால் ‘பீப்’ என்னும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. ஒன்றாம் பின், பீப். இரண்டாம் பின், பீப். 40 பின்னையும் முடித்து, பக்கத்துப் பின்னோடு ஒட்டவில்லை என்பதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார். இப்போது உன்னிடம் இருக்கிறதே ஒரு தைரியம், அதை எவனும் வாயால் ஊதி அணைக்க முடியாது.

துணிச்சல் என்று சொல்லிப் படக்குழாய்ப் பக்கம் கை நீட்டாதே. ஓடும்போது அதில் ஏறத்தாழ 20,000 வோல்ட். அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். தெரிந்தவரை அருகில் வைத்துக் கற்றுக்கொள்ளும்வரை அங்கே பயம்தான் புத்திசாலித்தனம்.

மற்றதெல்லாம் உன் கையில். முதலில் போர்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடு. ஒயர் முனையில் மூன்று மின்னழுத்தமும் சரியாக வருகிறதா என்று அள. அணை. போர்டுகளை மாட்டு, சிவப்புக் கோட்டை இன்னொரு முறை பார், மறுபடி போடு. முதற்கட்டச் சோதனையில் எல்லாம் சரி என்று ரோபோட்ரானே திரையில் ஒரு வரி எழுதிக் காட்டும். காட்டவில்லையா? அணை. மீட்டரை எடு. அடுத்த கனெக்டருக்குப் போ.