தொலைவில் நிற்கும் அன்பு

சென்ற மார்கழியில் ஒரு காலை, திருக்கழுக்குன்றத்திலிருந்து குடும்பத்தோடு முட்டுக்காட்டுக்குச் சென்றிருந்தோம். கோவளத்தின் அருகே கழிமுகம் கடலை நாடும் அவ்விடத்தில் 1984-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத் துறை அமைத்தது. துடுப்புப் படகொன்றில் மகன், மருமகள், பேரன், நான் என நால்வரும் அமர்ந்தோம். காற்று அடங்கியிருந்தது. சேற்றுத் திட்டொன்றில் உள்ளான்கள் கூட்டமாய் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன.

படகோட்டி துடுப்பை நிறுத்தினார். “இதுக்கு மேல போனா பறந்துடும், தம்பி” என்றார். பேரன் முகம் வாடியது. “பிள்ளை ஆசைப்படுறான், கொஞ்சம் கிட்டப் போங்கண்ணே” என்றான் என் மகன். கூலி கொடுப்பவரின் சொல்லை அவர் எப்படித் தட்டுவார்? நானும் வாய் திறக்கவில்லை. படகு நகர்ந்தது; பறவைகள் ஒருசேர எழுந்து மறைந்தன. கைதட்டி மகிழ்ந்த பேரன், வெறுஞ்சேற்றைப் பார்த்து, “எப்போ தாத்தா திரும்பி வரும்?” என்று கேட்டான். என்னிடம் விடையில்லை.

பனிக்காலத்தில் வடநாடுகளிலிருந்து நெடுந்தொலைவு பறந்து இக்கரைகளை அடையும் பறவைகள் பல. திரும்பிப் பறப்பதற்கான வலிமையை அவை இந்தச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை அஞ்சி எழும்போது, அந்தச் சேமிப்பில் சிறிது கரைகிறது. நாங்கள் அவற்றை வெறுத்தா அவ்வாறு செய்தோம்? விரும்பியல்லவா செய்தோம்! விரும்பினால் நெருங்கலாம் என்ற உரிமையை நமக்கு யார் தந்தார்?

சிறுவயதில் எங்கள் ஊர் வேதகிரி மலையில் வேறொன்றைக் கண்டிருக்கிறேன். நண்பகலில் கோயிலார் உணவோடு காத்திருப்பார், மக்களும் காத்திருப்பர். மஞ்சள்முகப் பாறு எனப்படும் கழுகுகள் இரண்டு வானிலிருந்து இறங்கி வந்து உண்டு செல்லும். நாங்கள் வேறு சமயத்தாராயினும் அந்தக் காத்திருப்பு எங்களையும் கட்டிப்போடும். யாரும் அவற்றைத் துரத்திச் செல்லவில்லை. அவைதாம் மனிதரை நாடி வந்தன. உயிர்த்த ஆண்டவர், தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாமென மகதலா மரியாவிடம் கூறியது அவளுடைய அன்பை மறுத்தன்று என்பது எனக்கு அந்த மலையை நினைக்கும்போது விளங்குகிறது.

ஆயினும், தொலைவில் நிற்பது மட்டும் போதுமா? 1990-களில் அந்தக் கழுகுகளின் வருகை நின்றுபோயிற்று. அதே காலத்தில் நாடெங்கும் பாறு இனங்கள் வேகமாக அருகின. கால்நடைகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே பாறுகளுக்குள் சென்று அவற்றின் சிறுநீரகத்தைச் சிதைத்தது முக்கியக் காரணமென 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஊசி போட்டவர் எவரும் ஒரு பறவையையும் நெருங்கியதில்லை, கொல்ல நினைத்ததுமில்லை. மாட்டின்மேல் கொண்ட இரக்கமே அவரை இயக்கியது.

எனவே, அன்புக்கு இரு கடமைகள் உண்டு. கால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். கண்ணோ, தன் செயலின் விளைவு சென்றடையும் இடம்வரை செல்ல வேண்டும். முன்னது அடக்கம், பின்னது பொறுப்பு. அடக்கம் மட்டும் இருந்தால், ‘நான் யாரையும் தொடவில்லை’ என்ற நிறைவில் உறங்கிவிடுவோம். பொறுப்பு மட்டும் இருந்தால், உதவி செய்கிறோம் என்ற பெயரில் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொள்வோம். பிள்ளை வளர்ப்பிலும் இதே தவறுகளைச் செய்கிறோம் அல்லவா? அன்று நான் வாய் திறக்காததும் அத்தகையதே. பேரனின் முகம் வாடக்கூடாதென்று, அவன் கற்க வேண்டிய காத்திருப்பை அவனுக்குக் கற்பிக்கத் தவறினேன்.

திரும்பும் வழியில் இன்னொரு திட்டில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. இம்முறை நான் படகோட்டியிடம், “இங்கேயே நிறுத்துங்கள், ஐயா” என்றேன். பேரன் முணுமுணுத்தான், பிறகு மடியில் கைகளை வைத்துக்கொண்டு பார்த்தான். அவ்வளவு தொலைவிலிருந்து அவை என்ன பறவைகள் என்றுகூட எங்களால் அறிய முடியவில்லை. அவை மேய்ந்துகொண்டே இருந்தன.