கேட்டலும் கேண்மையும்: உறவில் செவிமடுத்தல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

தமிழில் 'கேள்' என்னும் வினைக்குப் பொருள் ஒன்றன்று. ஒலியைச் செவியால் ஏற்பதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல், ஒன்றை வேண்டி நிற்பதும் கேட்டல், ஏவியவாறு நடப்பதும் கேட்டல். இதே வடிவம் பெயராக நிற்குமிடத்து உறவினரையும் நண்பரையும் சுட்டுகிறது. கேளிர், கேண்மை என்னும் சொற்கள் இதனோடு இயைபுடையன. வினையும் பெயரும் ஒரே வேரினவா என்பது சொற்பிறப்பியலார் ஆய்ந்து முடிவு காண வேண்டியதொன்று. அவ்வாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. எனினும் செவியும் உறவும் ஒரே ஒலியில் வந்து கூடுவது, இம்மொழியில் சிந்திப்போர்க்கு ஒரு வினாவை எழுப்பாமல் விடுவதில்லை. உறவுடைய ஒருவர் பேசுங்கால் மற்றவர் செவிமடுத்தல் விரும்பத்தக்க நற்பண்பு மட்டுந்தானா, அன்றிக் கடமையா? கடமையெனில் அது யாருடைய கடமை?

திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரம் 42ஆவதாக, கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே பொருட்பாலில் வைக்கப்பெற்றுள்ளது. இவ்வைப்புமுறையே அதன் நோக்கத்தை உணர்த்திவிடும். அங்குப் பேசப்படுவது கற்றறிந்தாரிடம் கேட்டு அறிவு பெறுதல். கேட்போன் குறையுடையவன், சொல்வோன் நிறைவுடையவன் என்னும் நிலை அதற்கு அடிப்படை. ஆயின் கணவன் மனைவியிடமோ, மகன் முதிய தாயிடமோ கேட்குங்கால் பெறப்படுவது பெரும்பாலும் அறிவன்று. தாய் கூறும் செய்தி மகனுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கலாம். பலமுறை கேட்டதாகவும் இருக்கலாம். புதிதாக அறிய ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் கேட்க வேண்டும் என்பதற்குக் கேள்வி அதிகாரத்தில் விடை தேடுதல் பொருந்தாது.

அவ்விடையை வள்ளுவர் வேறோரிடத்தில், காமத்துப்பாலின் இறுதிப் பகுதியில் வைத்துள்ளார் எனத் தோன்றுகிறது. 132ஆம் அதிகாரமாகிய புலவி நுணுக்கத்தில் தலைவன் எது பேசினும் அது பிழையாக முடிகிறது. யாவரினும் நாம் காதலுடையோம் என்கிறான். யாரைக் காட்டிலும் என்று அவள் ஊடுகிறாள். இப்பிறப்பில் பிரியோம் என்கிறான். அப்படியாயின் மறுபிறப்பில் பிரிவு உண்டென்று கண்ணீர் நிறைகிறாள். நினைத்தேன் என்றால், இடையில் மறந்திருந்தீர் என்று பொருளாகிறது. தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம், பேசாது அவளை நோக்கியிருந்தாலும் குற்றம். இதனை நகைச்சுவையாகக் கொண்டு கடந்து செல்வோர் பலர். நகைச்சுவை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. தலைவி சொற்களைத் தவறாகக் கேட்கவில்லை. ஒப்பீட்டுச் சொல்லில் ஒப்பிடப்படும் மற்றொருவர் இருத்தல் வேண்டும். 'இப்பிறப்பு' என்னும் வரையறையில் பிற பிறப்புகள் விலக்கப்படுகின்றன. நினைவு என்பது மறதியை முற்கொண்டது. இலக்கண நெறியில் அவள் கொண்ட பொருள்கள் அனைத்தும் செல்லத்தக்கனவே. அவளுடைய அச்சம், தனக்கு மட்டும் உரியவனா இவன் என்பது. அவ்வச்சமே அவள் செவியாக நின்று கேட்கிறது. தலைவனோ தான் கருதியதைச் சொல்லுகிறானேயன்றி, அச்சொல் எந்த அச்சத்தின்மீது சென்று விழும் என்பதை ஒருமுறையும் கேட்டறியவில்லை.

இனி, எதிர்த்தரப்பைக் கேட்டல் இந்தியச் சிந்தனை மரபில் எங்ஙனம் போற்றப்பட்டது என்பதைச் சுருங்கக் காண்போம். மறுக்கப்புகும் கொள்கையை முதலில் அதன் வலிமை குன்றாது எடுத்துரைத்தல் வேண்டும் என்பது பூர்வபக்க நெறி. சிவஞான சித்தியாரின் பரபக்கம் பதினான்கு மதங்களின் கொள்கைகளை எடுத்துக்கூறிய பின்னரே மறுக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதை, அவள் வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்ததைக் கூறுவது. 1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்டு ஃபார்சனும் 'ஈடுபாட்டுடன் கேட்டல்' என்பதைப் பற்றி எழுதினர். பிறர் கூறியதை அவர் ஒப்புமாறு திருப்பிச் சொல்லிய பின்னரே நம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது ராஜர்ஸ் முன்வைத்த பயிற்சி. இது நம் வாத மரபினர்க்கு வியப்பளிக்கும் புதுமையன்று.

ஆயின் வாதமரபின் கேட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. அது மறுப்பதற்காகக் கேட்பது. நீதிமன்றத்தின் கேட்டல் தீர்ப்பதற்காகக் கேட்பது. இரண்டிலும் கேட்போன் இறுதியில் தனக்கென ஒரு முடிவைக் கைக்கொண்டு எழுகிறான். குடும்பத்துள் இவ்விரண்டும் நுழையுமிடத்துப் பேச்சு வழக்காகிவிடுகிறது. சட்டமே இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கினை முடிவு செய்யுமுன் இணக்கம் காண முயலும் கடமையை நீதிமன்றத்தின்மீதே சுமத்துகிறது. வழக்கறிஞர் வாயிலாகப் பேசுவதைத் தரப்பினரின் உரிமையாக அது வைக்கவில்லை. நேரில் பேசவும் கேட்கவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் கருத்து அதில் பொதிந்துள்ளது எனலாம். அவ்வாய்ப்பு வீட்டில் கிட்டாமல் நீதிமன்றத்தில் கிட்டுவது வருந்தத்தக்கதே.

சொல்லைச் சரியாகக் கேட்டல் போதுமா என்பதற்கு என் பணி வாழ்விலிருந்தே ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. ஆய்வு மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, இரண்டாம் இயல் நகரவில்லை என்றார். அரைமணி நேரம் மூலநூல்களையும் பகுப்புமுறையையும் பற்றி விளக்கினேன். அவரும் பணிவுடன் குறித்துக்கொண்டார். வாயிலருகே சென்றபின் திரும்பி, தம் தந்தை மறைந்து பத்து நாள்களே ஆகின்றன என்றார். அவர் கூறிய எதனையும் நான் தவறாகக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுமாறு பணித்திருந்தால் ஒரு சொல்லும் பிறழாது சொல்லியிருப்பேன். ராஜர்ஸின் தேர்வில் நான் தேறியிருப்பேன். ஆனால் அவர் என்னிடம் வந்தது இயலைப் பற்றிப் பேசுவதற்கன்று.

இத்தவற்றுக்குப் பெயர் தேடியபோது எனக்குத் துணைசெய்தது தொல்காப்பியம். செய்யுளியல் கூறும் உறுப்புகள் முப்பத்துநான்கனுள் கூற்று ஒன்று, கேட்போர் மற்றொன்று. கேட்பவரைச் செய்யுளின் புறத்தே நிற்பவராக அல்லாமல் அதன் உறுப்பாகவே கொண்டது இவ்விலக்கணம். அதனோடு முன்னம் என்பதனையும் வைத்தது. இவ்விடத்து இம்மொழியை இவர் இவர்க்குக் கூறுதல் தகும் என்று குறிப்பால் உணரவைப்பது அது. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்லுகிறார் என்பதை உணராதவர்க்கு அகப்பாட்டின் சொற்பொருள் முழுதும் விளங்கினும் பாட்டு விளங்காது. உறவுப் பேச்சும் அத்தகையதே. 'இயல் நகரவில்லை' என்பது கூற்று; தந்தையை இழந்தவர் மாலை நேரத்தில் ஆசிரியரைத் தேடி வந்தமை முன்னம். நான் கூற்றை மட்டும் கேட்டேன்.

அகமரபில் மற்றுமொரு நுட்பம் உண்டு. தலைவன் சிறைப்புறத்தானாக, அவன் கேட்குமாறு தோழி தலைவியிடம் பேசுவாள். வரைவு நீட்டித்தலால் நேர்ந்த துன்பத்தை அவனிடமே நேரிற் கூறின் அது பழியுரையாகும். அவனும் தன்னைக் காத்துக்கொள்ளும் மறுமொழியில் இறங்குவான். வேலிக்கு அப்பால் நின்று கேட்கும்போது மறுமொழி கூறும் வாய்ப்பு அவனுக்கில்லை. கேட்பதொன்றே அவன் செய்யத்தக்கது. இது சூழ்ச்சியன்றோ எனின், ஓரளவு சூழ்ச்சியே. நேர்மையையே அறமெனக் கொள்வார் இதனை ஏலார். ஆயினும் எதிரில் நிற்கும்போது நம்முள் விழித்துக்கொள்ளும் வழக்கறிஞன், வேலியின் புறத்தே நிற்கும்போது உறங்கிவிடுகிறான் என்பது உண்மை. எதிரில் அமர்ந்திருக்கும்போதே சிறைப்புறத்தில் நிற்பவனாகத் தன்னை அமைத்துக்கொள்ள ஒருவனுக்கு இயலுமாயின், அவன் மனைவிக்குத் தோழியின் துணை வேண்டியிராது.

இதுகாறும் கூறியவற்றால் கேட்டல் யாவர்க்கும் ஒப்பக் கடமை என்று முடிவு கூறிவிட இயலாது. 'கேள்' என்பதன் ஏவற்பொருளை மறத்தலாகாது. 'சொன்னபடி கேள்' என்பது நம் வீடுகளில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டு வந்தது? பெண்களை, பிள்ளைகளை, ஏவல் செய்வோரை. வாழ்நாளெல்லாம் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கே மீண்டும் பொறுமையாகக் கேளுங்கள் என்று அறம் உரைப்பது அநீதியை இரட்டிப்பதாகும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், சொல்லாலும் உணர்வாலும் இழைக்கும் கொடுமையையும் வன்முறை என்னும் வரையறையுள் அடக்குகிறது. அத்தகைய சொல்லுக்குச் செவிகொடுத்திருத்தல் யார்க்கும் கடமையன்று. எழுந்து செல்லுதலே உரிமை. ஆகவே கேட்கும் கடமை உறவில் வலியவர்மீதே முதலில் விழுகிறது என்பது என் கருத்து. மெலியவர் கேளாமற்போனால் அவருக்குத் தண்டனை காத்திருக்கும். வலியவர் கேளாமற்போனால் அதனைக் குற்றமென்று சுட்டவும் ஆளில்லை.

இக்கருத்தோடு பிருகதாரண்யக உபநிடதத்தை மீண்டும் படித்தல் வேண்டும். ஆன்மாவைக் கேட்டலும் சிந்தித்தலும் தெளிதலும் வேண்டும் என்னும் புகழ்பெற்ற உபதேசம் அதனுள் ஒரு கணவன் மனைவி உரையாடலின் நடுவே வருகிறது. யாக்ஞவல்கியர் இல்லறம் துறந்து செல்லப் புறப்படுகிறார். மைத்ரேயி, காத்யாயனி என்னும் இரு மனைவியர்க்கும் உரிய பங்கைப் பிரித்துத்தர முற்படுகிறார். உலகச் செல்வமெல்லாம் தனக்குக் கிடைத்தாலும் அதனால் சாவாமை கிட்டுமா என்று மைத்ரேயி வினவுகிறாள். இடையில், தாங்கள் என்னை மயங்கச் செய்துவிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுகிறாள். அவரும் வெகுளாது மீண்டும் விளக்குகிறார். மயங்கினேன் என்று சொல்லும் துணிவும், அதனைக் குறையாகக் கொள்ளாத செவியும் அங்கு ஒருங்கே உள்ளன. கேட்டலுக்கு நம் மரபு தரும் சிறந்த காட்சிகளுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை.

இவ்வுரையாடல் அவ்வுபநிடதத்தில் இருமுறை, இரண்டாம் அத்தியாயத்திலும் நான்காம் அத்தியாயத்திலும் இடம்பெறுகிறது. பின்னதில் மைத்ரேயி மெய்ப்பொருள் பேசுபவள் என்றும், காத்யாயனி பெண்டிர்க்குரிய அறிவு மட்டும் உடையவள் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. இறுதியில் யாக்ஞவல்கியர் புறப்பட்டுச் செல்கிறார். பங்கு பிரிக்கும் பேச்சு எழுந்தபோது காத்யாயனி அருகில் இருந்தாளா, கணவன் செல்வதைக் குறித்து அவள் ஏதேனும் சொன்னாளா, அவளிடம் யாரேனும் கேட்டார்களா என்பதைப் பற்றி இரண்டு இடங்களிலும் ஒரு சொல்லும் இல்லை.