யார் கேட்பதற்காக

இங்கே, அந்தமானின் தலைநகரில், பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாய்ந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி தாண்டினால் விளக்குப் போட வேண்டும். விடிகாலையில் மின்னி பே ஓரமாக நடக்கிறவர்களில் பாதிப் பேர் கையில் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். நேற்று எடுத்த அதே நீர், அதே மேகம். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அழகாக இருப்பதை வைத்துக்கொள்ள ஆசைப்படுவது மனித சுபாவம்தான்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள் இங்கே பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்பு எல்லாமே செயற்கைக்கோள் வழி. ஒரு படம் போய்ச் சேருமா என்று திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அதனாலேயே எதை அனுப்புவது, யாருக்கு அனுப்புவது என்று யோசித்தோம். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஸ்கேன் அறிக்கையைச் சென்னை டாக்டருக்கு அனுப்ப முடியாமல் தவித்த வீடுகள் இங்கே உண்டு. ஆனால் அந்த யோசனை மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

*

பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து வந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களை எழுபதுகளில் ரப்பர் தோட்ட வேலைக்கு அங்கே குடியமர்த்தினார்கள். அப்படிப் போனவர் அவருடைய அப்பா. 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமி அலை அவரையும் வீட்டையும் கொண்டுபோனது. கல்யாணப் படம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு காகிதம்கூட மிஞ்சவில்லை.

அக்கா வீட்டுச் சுவரில் இருப்பது, உறவினர் ஒருவரிடம் கிடைத்த அடையாள அட்டை நகலைப் பெரிதாக்கிய படம். அப்பாவின் இடது தோளில் அலுவலக முத்திரை பாதி வட்டமாக ஊதா நிறத்தில் விழுந்திருக்கிறது. அதை அழித்துத் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். "வேணாம் தம்பின்னுட்டேன். அதையும் தொட்டா அப்பா மொகமே மாறிப்போகும்னு பயம்" என்றார் அக்கா.

படம் எடுப்பதைப் பழித்து யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஊதா முத்திரைதான் நினைவுக்கு வருகிறது. பத்தாயிரம் படம் வைத்திருப்பவருக்கு அது புரிவது கடினம்.

*

போவா சீனியர் என்று அறியப்பட்ட மூதாட்டி 2010 ஜனவரியில் இந்த நகரில் காலமானார். கிரேட் அந்தமானியப் பழங்குடியின் மொழிகளில் ஒன்றான 'போ'வைப் பேசிய கடைசி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அபி 2005 முதல் கிரேட் அந்தமானியரிடையே ஒலிப்பதிவு செய்தவர். போவா தன் மொழியில் பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததை அபி சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பிலிருந்து ஓர் அகராதி வந்தது. பறவைப் பெயர்களுக்கென்றே ஒரு நூலும் வந்தது. போவாவின் குரலை இன்றைக்கும் இணையத்தில் கேட்கலாம்.

நான் கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரல் தளர்கிறது என்பது தெரிகிறது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அதே சமயம் ஒன்றை மறக்க முடியவில்லை. நமக்கு ஒலி கிடைத்துவிட்டது. உயிரோடு இருந்தபோது அவருக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை.

*

கிரேட் அந்தமானியரின் முன்னோர் துக்கம் காத்த முறையை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். ஒருவர் இறந்தால் துக்க காலம் முடியும்வரை அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இறப்பு நேர்ந்த இடத்தை விட்டு வேறிடம் போவார்கள். பிறகு எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து, மண்டையோட்டைக்கூடக் கழுத்தில் அணிந்துகொள்வார்கள். துக்கம் ஒரு நடனத்தோடு முடியும்.

நினைப்பதற்கும் நினைக்காமல் இருப்பதற்கும் அவர்களிடம் காலம் இருந்தது. போனில் அது இல்லை. இறந்து மாதம்கூட ஆகாத தாயின் முகத்தை, "மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாள்" என்று இசையோடு அது காலை ஏழு மணிக்குக் காட்டுகிறது. மனம் தயாரா என்று கேட்பதில்லை. எனக்கு இதுதான் பதிவின் பெரிய கேடாகப் படுகிறது.

*

கார்டன் பெல் என்ற கணினிப் பொறியாளர் 1998-இல் தொடங்கித் தன் வாழ்க்கை முழுவதையும் கணினியில் ஏற்றப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய சின்னக் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். பின்னாளில் அந்த முயற்சியை அவரே கைவிட்டார்.

அதே வகைக் கேமராவைக் கேம்பிரிட்ஜில் ஒரு நோயாளிக்கு மாட்டிவிட்டார்கள். மூளை அழற்சியால் நினைவு போனவர். அந்தப் படங்களை அவரும் கணவரும் இரண்டு நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார்கள். மாதங்கள் கழிந்த பிறகும் அந்தப் படங்களில் இருந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அவர் நினைவில் நின்றன. கேமரா ஒன்றுதான். ஒருவர் சேர்த்துக்கொண்டே போனார். இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது.

*

வடக்கே பாராதாங் போகிற வழியில் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து ஜாராவாப் பழங்குடியினரின் காடு தொடங்குகிறது. வண்டிகள் வரிசையாகக் காவலோடுதான் போகும். படம் எடுக்கக் கூடாது. 2012 ஜனவரியில் ஜாராவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோவை லண்டன் அப்சர்வர் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு, பழங்குடிப் பாதுகாப்புக்கான 1956 ஒழுங்குமுறையைத் திருத்தி, அவர்களைப் படமெடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று ஆக்கினார்கள்.

இப்படிப் படமெடுப்பது புதிய பழக்கமும் இல்லை. 1890-களில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அந்தமானியரை நிறுத்தியும் உட்காரவைத்தும் படம்பிடித்து லண்டனுக்கு அனுப்பினார். அந்தப் படங்களில் இருப்பவர்களின் வழிவந்தவர்கள் அவற்றின் அசலைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும். போவாவின் பதிவையும் இதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. அங்கே ஒருவர் சொல்ல விரும்பினார். இங்கே எடுத்துக்கொண்டு போனார்கள்.

*

சில ஞாயிற்றுக்கிழமைகளாக அக்கா கச்சால் கதையைச் சொல்லி வருகிறார். கல்லூரி போகும் அவர் மகள் போனில் பதிவு செய்கிறாள். எனக்குத் தோன்றாத கேள்வியெல்லாம் அவள் கேட்கிறாள். தாத்தா பால் வெட்டப் போகும்போது என்ன விளக்கு? சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை யார் உரிப்பார்கள்? "நான்தான். கை கருப்பாயிடும், சோப்புக்குப் போகாது" என்று அக்கா விரலை விரித்துக் காட்டினார். குரல் பதிவில் அந்த விரல் வராது என்று மகள் வீடியோவுக்கு மாற்றிக்கொண்டாள்.

அலைக்குப் பிறகு மேட்டில் கழித்த இரவுக்குக் கதை வந்தபோது, "அத நிறுத்திடும்மா" என்றார். அவள் நிறுத்தினாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே மீதியைச் சொன்னார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். அடுத்த ஞாயிறு ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையைப் பற்றிச் சொல்வதாக இருக்கிறார். அதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.