பள்ளி மாணவர் தொண்டும் சரியை நெறியும்

சிவமயம்

மக்கட்பிறவியின் பயன் இறைவன் திருவடியை அடைதலே என்பது சைவ நூல்களின் துணிபு. அதற்கு வாயிலாக அமைந்தன சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்குமாம். இவற்றுள் முதற்கண் வைக்கப்பெற்ற சரியை உடம்பாற் செய்யும் தொண்டு. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகிடுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் முதலியன அதன்பாற்படும். இந்நெறி முதுமைக்கே உரியதென்று கருதுவாரும் உளர். கையுங் காலுந் தளர்ந்தபின் அலகினை எடுப்பவர் யாவர்? இளமையிற் பழகாத கை முதுமையிற் பழகுதல் அரிது. ஆகலின், பள்ளியிற் பயிலும் மாணாக்கர்க்குத் தொண்டு பயிற்றுதல் தக்கதோ, தக்கதாயின் எம்முறையிற் பயிற்றுதல் வேண்டும் என்பது சைவ நன்மக்கள் ஆராய்தற்குரிய பொருளாகும்.

இக்காலத்துப் பள்ளிகளில் மாணவர் தொண்டிற்கென வகுக்கப்பெற்ற முறைகள் பல. சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசியப் பசுமைப்படை, நாட்டு நலப்பணித் திட்டம் என்பன அவற்றுட் சில. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டினையொட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரைக் கொண்டு தொடங்கப்பெற்றது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகட்கும் விரிந்தது. இதன்கட் சேர்ந்த மாணவர் ஈராண்டில் 240 மணிநேரம் பணியாற்றுதல் வேண்டும். ஏழுநாள் முகாமொன்றில் உடனுறைதலும் வேண்டும். தெருத் துப்புரவு செய்தல், மரம் நடுதல், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவித்தல், புயலும் வெள்ளமும் வந்துழி உதவுதல் முதலியன அவர்க்குரிய பணிகள். பணி நிரம்பினார்க்குச் சான்றிதழ் உண்டு.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தொண்டென்பது அன்பின் காரியம். அன்போ பிறர் ஏவ வருவதன்று. ஆசிரியர் பதிவேட்டிற் குறித்துக்கொள்ள, மணிக்கணக்கினை எண்ணிக்கொண்டு, முடிவிற் கிடைக்கும் சான்றிதழை நோக்கிச் செய்யுஞ் செயல் தொண்டாதல் யாங்ஙனம்? அது கூலிவேலையேயன்றோ? அன்பின்றி அலகெடுத்த கை புழுதியைப் பெயர்க்குமேயன்றி வினையைப் பெயர்க்குமோ? இவ்வாறு வினவுவார் கூற்று வலியுடையது; எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயினும், தொண்டு தொடங்குமிடமும் அது சென்று முடியுமிடமும் ஒன்றாதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. சாக்கிய நாயனார் வரலாறு இதற்குச் சான்று. காஞ்சிமாநகரின்கண் புத்த வேடத்தோடிருந்த அவர், சிவலிங்கத் திருமேனியைக் கண்ட களிப்பால், தாம் செய்வது இன்னதென்றறியாது அருகிற் கிடந்த கல்லொன்றை எடுத்து அதன்மேல் எறிந்தார். மறுநாள் அவ்விடத்து வந்தபொழுது, முதனாட் செயல் திருவருளால் நிகழ்ந்ததெனத் தெளிந்து, நாடோறும் ஒரு கல் எறிதலை நியமமாகக் கொண்டார். ஒருநாள் அதனை மறந்து உண்ணப் புக்கார், நினைவு வந்தது, உண்ணாது எழுந்து ஓடினார். அன்று அவரை ஓடச்செய்தது நியமமோ, அன்போ? நியமம் நாளடைவில் அன்பாய் முதிர்ந்தமையின் இரண்டனையும் பிரித்தறிதல் ஒல்லாதாயிற்று. ஆகவே நியமம் அன்பிற்குப் பகையன்று. அன்பு குடிபுகுதற்கு முன்னரே கட்டி வைத்த இல்லம் அது. இல்லம் வெறிதாய்க் கிடப்பதும் உண்டு. ஆயின் இல்லமே கட்டாதார்க்குக் குடிபுகவு ஏது? அரும்பினை இகழ்ந்து கிள்ளி எறிந்தார் கனியைக் காணார்.

இனி, கூலி என்னும் குற்றத்தை ஆராயுமிடத்து, சென்னைக்கு வடபாலுள்ள மணலி என்னும் ஊரை நோக்குதல் தகும். இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த முத்துக்கிருஷ்ண முதலியார் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் ஊர் இது. 1960ஆம் ஆண்டுகளின் பின்னர் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையும், உர ஆலையும், பிற ஆலைகளும் இங்கு எழுந்தன. 2011ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பெற்றது. இன்று இவ்வூர்ச் சிறார் பலர் ஆலைத் தொழிலாளர் மக்கள். கூலி இன்னதென்பதனை இல்லத்திலேயே அறிந்தவர். இவ்வூர்க்குக் கிழக்கே அணித்தாக உள்ளது திருவொற்றியூர். அத்தலத்துத் தொண்டர் ஒருவர் வரலாறே இவ்வினாவிற்கு விடையாக அமைந்துள்ளது.

அவர் கலிய நாயனார். எண்ணெய் வாணிகர் குடியிற் பிறந்த அவர் படம்பக்கநாதர் திருக்கோயிலின் உள்ளும் புறமும் அல்லும் பகலும் விளக்கேற்றி வந்தார். செல்வம் தேய்ந்தது. பிறர் தரும் எண்ணெயை விற்று, அதனால் வந்த கூலியைக் கொண்டு விளக்கிட்டார். அதுவும் ஒழிந்தபின் செக்காட்டிக் கூலி பெற்று விளக்கிட்டார். எல்லாம் அற்றபொழுது தம் உதிரத்தையே எண்ணெயாகச் சொரியத் துணிந்தார். இறைவன் தோன்றி அவர் கையைப் பிடித்தருளினான். கலியர் கூலிக்கு வேலை செய்தார். ஆயினும் அவர் தொண்டு கூலித்தொண்டாயிற்றில்லை. என்னை? பெற்ற கூலி முழுதும் திருவிளக்கிற்கே சென்றது. எனவே ஒருவன் பணியின் முடிவில் ஒன்றைப் பெறுகின்றான் என்பதனால் மட்டும் அப்பணி இழிந்ததாகாது. பெற்றது எங்கே செல்கின்றது என்பதே நோக்கத்தக்கது. சான்றிதழ் பெற்ற மாணவன் அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டி, கையைக் கழுவிக்கொண்டு செல்வானாயின், பெற்றது கூலியே. அதனாற் பெற்ற பழக்கத்தைத் தன் தெருவிற்கும் ஊர்க்கும் செலுத்துவானாயின், அது விளக்கிற்குச் சென்ற கூலி போல்வதாம். 240 மணி நிரம்பியபின் வரும் மணியே அவன் தொண்டின் உரைகல். அதனை எண்ணுவார் ஒருவருமிலர்.

அத்திருவொற்றியூரிலேயே இளையோர் தொண்டிற்கும் சான்று உண்டு. ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார், இளம்பருவத்திலேயே கன்னிமாடத்திலிருந்து இறைவர்க்குத் திருமாலை தொடுத்து வந்தனர். திருவதிகையில் திலகவதியார் அலகிட்டதும் மெழுகிட்டதும் இளம்பருவத்திலேயாம். ஆகலின் இளமைக்குத் தொண்டு புதியதன்று.

ஆயின் தொண்டென்னும் பெயரால் எதனையும் சிறார்மேல் ஏற்றுதல் கூடுமோ? 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலாற் பெருமழை பெய்தபொழுது, மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்திற் பரந்தது. படகும் வலையும் கரிபடிந்தன, மீனவர் தொழிலிழந்தனர், அவர்தாமே வாளிகளால் அவ்வெண்ணெயை அள்ளவும் நேர்ந்தது. ஒற்றியூரில் விளக்காய் எரிந்த பொருள் எண்ணூரில் இருளாய்ப் படிந்தது. இத்தகைய இடத்து இளைஞர் உள்ளம் உருகுதல் இயல்பு. உருகாதாயின் கல்வியாற் பயனில்லை. ஆயினும் நஞ்சாகிய அவ்வெண்ணெயை அள்ளச் சிறாரை இறக்குதல் தொண்டாகாது. அவர் உடம்பிற்கு இழைக்கும் தீங்காம். அன்றியும், தீங்கு விளைத்தார் இறுக்கவேண்டிய கடனை மாணவர் கைகளால் இறுத்து மறைத்தலும் அறமாகாது. நூலிழந்த சிறார்க்கு நூல் திரட்டித் தருதல், எழுதவறியாதார்க்கு முறையீடு எழுதிக் கொடுத்தல், உணவு பங்கிடுதல், வெள்ளம் வடிந்த இல்லங்களைத் துப்புரவு செய்யத் துணைநிற்றல் என்பன அவர்தம் ஆற்றலுக்கு இசைந்தவை. இத்துன்பம் எதனால் வந்தது என்று வினவக் கற்றுக்கொடுத்தலும் ஆசிரியர் கடமையே. தொண்டனுக்கு அறிவு வேண்டாவென்று எந்நூலும் கூறிற்றிலது.

இரண்டாவது தடை இதனினும் கொடியது. பள்ளியின் கழிப்பிடத்தையும் முற்றத்தையும் துப்புரவு செய்யுமாறு சில மாணவரை மட்டும், அவர் குடியையும் வறுமையையும் நோக்கி ஏவும் வழக்கம் ஆங்காங்கு வெளிப்பட்டுப் பழிக்கப்பட்டு வருதல் யாவரும் அறிந்ததே. ஒருவன் அலகெடுக்க, ஏனையோர் நின்று நோக்குவாராயின், அவ்வலகு தொண்டின் கருவியன்று, இழிவின் கருவி. திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்தினார்; அவர் ஏந்துமாறு யாரும் ஏவினாரல்லர். திருப்பூந்துருத்தியில் ஆளுடையபிள்ளையார் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாய்த் தாமே தாங்கினார். உயர்ந்தோர் தாமே விரும்பி எடுத்தமையால் உழவாரம் படையாயிற்று. அதனைத் தாழ்ந்தோர் என்று தாம் கருதினார் கையில் திணித்துவிட்டு, தொண்டு பயிற்றினோம் என்பார் சிவாபராதஞ் செய்தாராவர். ஆசிரியரும் மாணவரும் முறைவைத்து ஒருசேர எடுத்தாலன்றிப் பள்ளியில் அலகினை எடுத்தல் கூடாது.

உடனுறைதலும் இவ்வாறே. ஏழுநாள் முகாமின் பயன் தெருவைத் தூய்மை செய்தலில் மட்டும் இல்லை. ஒரு பாயில் உறங்கி, ஒரு பந்தியில் உண்டு, ஒருவர் உண்ட கலத்தை மற்றொருவர் கழுவுதலில் உளது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் நிறுவிய குருகுலம் நாட்டன்பின்பாற் பிறந்ததாயினும், சிலர்க்குத் தனிப்பந்தி வைத்தமையால் எழுந்த பூசலிற் சிதைந்தது. சைவர்க்கோ வழி முன்னரே காட்டப்பட்டுளது. ஆளுடையபிள்ளையாரோடு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும், திருநீலநக்க நாயனார் தம் இல்லத்து வேதிகையின் மருங்கே இடம் அளித்தார். வேள்வித்தீ வலஞ்சுழித்து எழுந்தது என்று சேக்கிழார் பெருமான் அருளினார். தீ விலகாதவிடத்து மக்கள் விலகுவது என்னை?

இறுதியாக ஒன்று. இப்பள்ளிகளிற் பயில்வார் பல சமயத்தவர். சிவபெருமானை நினையாது செய்யும் நற்செயல் பசுபுண்ணியமே. அது பிறப்பறுக்குமோ என்பர் சிலர். மெய்யே, பசுபுண்ணியம் வேறு, சிவபுண்ணியம் வேறு. ஆயின் மருணீக்கியார் என்னும் இளைஞர், பெற்றோரை இழந்து யாக்கை நிலையாமையை எண்ணி, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் வைத்தமை பெரியபுராணத்துட் காணப்படும். அதன்பின் அவர் சமணஞ் சார்ந்தார்; அதன்பின்னரே நாவுக்கரசராயினார். முன்னர்த் தண்ணீர் வார்த்த கையே பின்னர் உழவாரம் ஏந்திற்று. பிறர் நோய் கண்டு இரங்கிய உள்ளம் ஆண்டவனை நோக்கித் திரும்புதற்குப் பண்பட்ட நிலமாகும்; எப்பொழுது திரும்பும் என்பது திருவருளின் வழியது. விதைப்பான் கடமை நிலத்தைப் பண்படுத்துதல். மழை அவன் கையிலில்லை.

ஆகலின், மாணவர் தொண்டினை நியமமாக வைத்தல் குற்றமன்று. அந்நியமத்தின்கண் கூலிநோக்கும், சிலரையே ஏவும் கொடுமையும் புகாமற் காத்தலே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடன். அவர்தாம் முதற்கண் அலகெடுப்பாராக. பின்னர் மாணவரை அழைப்பாராக. எண்ணப்பெறாத ஒரு மணிநேரம் ஓரிளைஞன் பிறர்க்கென உழைப்பானாயின், கலியர் ஏற்றிய விளக்கு இன்னும் அவியவில்லை என்று கொள்ளலாம்.

திருச்சிற்றம்பலம்.