அக்கினியும் இளைப்பாறுதலும்

பிறந்தும் இறந்தும் களைத்துப்போன உயிர்களுக்கு இறைவன் அருளும் ஓய்வே சம்ஹாரம் என்று சைவ சித்தாந்தம் விளக்குகிறது. இந்தத் தத்துவம் மண்ணுக்கும் பொருந்துமோ என்னும் கேள்வி, அருணாசலத்தை அக்கினித் தலமாக வணங்கும் சீமைக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில், சர்க்கரை ஆலையைச் சூழ்ந்து கரும்பே பயிராக விளங்கும் மூங்கில்துறைப்பட்டில், வெட்டு முடிந்த தோட்டங்களில் சோகை எரியும்போதெல்லாம் என்னுள் எழுகிறது.

தீ மண்ணுக்கு வழங்குவதும் உண்டு, பறிப்பதும் உண்டு. சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மணிச்சத்தின் பெரும்பகுதியும் நீற்றில் தங்கி மண்ணின் புளிப்பைத் தணிக்க, தழைச்சத்தோ ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கி ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. எரிந்தபின் எஞ்சும் நீற்றை நித்தியத்தின் அடையாளமாக நெற்றியில் தரிக்கும் நாம், அந்த நீற்றில் சேராமல் போனதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள பைன் காடுகளில், ஈரமும் காற்றும் பார்த்து வனக்காவலர் வேண்டுமென்றே மூட்டும் தணிந்த தீ, மேற்சருகை மட்டும் உண்டு அடிமண்ணைப் பெரிதும் தீண்டாமல் செல்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் வருமாதலால், இடையில் முளைக்கும் அவரையினச் செடிகள் இழந்த தழைச்சத்தில் ஒரு பங்கையேனும் மீட்டுத் தருகின்றன. கல்வராயன் மலையில் முற்காலத்து மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டை வெட்டி எரித்துச் சாமையும் தினையும் விதைத்தபோதும், சில போகங்களுக்குப் பின் அந்தப் புனத்தைக் காட்டிடமே ஒப்படைத்து வேறிடம் பெயர்ந்தனர். அங்கே எரித்தலுக்குப் பின் ஓய்வு இருந்தது. சித்தாந்தம் சொல்லும் இளைப்பாறுதல் இதுவே என்று நான் கொள்கிறேன்.

மறுதாம்புக் கரும்புக்கு அந்த ஓய்வு இல்லை. சோகை எரிந்த கையோடு நீர் பாய்ச்சி, கட்டையைத் துளிர்க்க வைத்து, அடுத்த ஆண்டும் அதே மண்ணில் தீ வைக்கிறோம். கூலியாள் கிடைக்காத குடியானவனின் நெருக்கடியை நான் அறியாதவனல்லன். ஆயினும் இத்தீயைச் சம்ஹாரம் என்று போற்ற என் மனம் இசையவில்லை. அதே சோகையை வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்பினால், மாதக்கணக்கில் மக்கி, தழைச்சத்தையும் மண்ணுக்கே தந்து, ஈரத்தையும் காக்கிறது. நெருப்பின்றி நிகழும் இந்த அழிவில் மண் இளைப்பாறுகிறது.