ரப்பர் இல்லாத நோட்டு

பச்சை குத்துபவரிடம் ரப்பர் கிடையாது. போட்ட கோடு போட்டதுதான். ஹொனலுலுவில் பச்சை குத்தும் கடை வைத்திருந்த ‘செய்லர் ஜெர்ரி’ நார்மன் காலின்ஸ் (1911–1973) போன்றவர்கள் கப்பல், கழுகு, நங்கூரம் என்று மாதிரிப் படங்களைத் தாளில் தீட்டிவைத்தார்கள். தடித்த மைக்கோடு, ஓரத்தில் கறுப்பு நிழல், மிச்ச இடத்தில் இரண்டு மூன்று நீர்வண்ணம். காமிக்ஸ்காரர்கள் வழியும் கிட்டத்தட்ட இதேதான்.

நானும் ரப்பர் தொடாமல் அப்படி வரைய ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. சாதாரணப் பேனா மையில் வரைந்துவிட்டு, மேலே ஈரத் தூரிகையை ஓட்டினேன். கதையில் உடல் மறைந்து கை மட்டும் தெரியும்; என் நோட்டில் கை நீலமாகக் கரைந்துபோய் ஆள் மட்டும் நின்றார்! அப்புறம்தான் தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் வாங்கினேன். அதை ஊற்றுப் பேனாவில் நிரப்பாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தொட்டு வரையும் நிப்புதான் சரி. தாள் 300 ஜிஎஸ்எம் என்றால் ஈரம் பட்டாலும் அவ்வளவாக நெளியாது.

கை போன மாயாவியை நான் கிழிக்கவில்லை. நீங்கள் இப்படி ஒரு நோட்டு தொடங்கினாலும் முதல் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.